விரைவுச்சாலை போய் நகரச் சாலை வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தின் நடுவே தூண்கள் மேல் ஓடும் விரைவுச்சாலையை இடித்துவிட்டு, அதே இடத்தில் மரங்களும் நடைபாதையும் சிக்னலும் உள்ள அகலமான தரைச்சாலையைப் போடுவது கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல ஊர்களில் நடந்திருக்கிறது. இந்த வகைச் சாலையைப் பவுல்வார்டு என்கிறார்கள். இப்படி ஒரு திட்டம் வரும்போது எல்லோரும் முதலில் கேட்பது நெரிசலைப் பற்றி. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: காலியாகும் நிலம் யார் கைக்குப் போகிறது? இரண்டையும் கீழே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கட்டிய சாலையை ஏன் இடிக்க வேண்டும்?

இப்போது இடிபடும் சாலைகளில் பெரும்பாலானவை 1950, 60-களில் கட்டப்பட்டவை. அமெரிக்காவில் 1956-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம், மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைகளின் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்கும் என்றது. நகர நிர்வாகங்களுக்கு அது கிட்டத்தட்ட இலவசச் சாலை. நிலம் மலிவாகக் கிடைத்த இடங்கள் வழியாகப் பாதை போனது. அந்த இடங்களில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள், கறுப்பின மக்கள், குடியேறியவர்கள்.

இந்தக் கட்டுமானங்களின் ஆயுள் சுமார் ஐம்பது ஆண்டு. அது முடியும்போது ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்: பழுதுபார்க்க வேண்டும், புதிதாகக் கட்ட வேண்டும், அல்லது இடிக்க வேண்டும். ஆகவே இடிப்பதை மட்டும் செலவு என்று பார்ப்பது சரியான கணக்கு ஆகாது. சும்மா விட்டாலும் செலவு வரும். மில்வாக்கி நகரத்தில் பார்க் ஈஸ்ட் என்ற சுமார் ஒரு மைல் நீள விரைவுச்சாலையை 2002-ல் இடிக்கத் தொடங்கினார்கள். இடித்துவிட்டுத் தரைச்சாலை போட ஆன செலவு சுமார் 2.5 கோடி டாலர். அதையே திரும்பக் கட்டியிருந்தால் குறைந்தது இரண்டு மடங்கு ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அப்போதைய மேயர் ஜான் நார்க்விஸ்ட் இந்தக் கணக்கை வைத்துத்தான் வாதாடினார்.

இதை முதலில் செய்தது எந்த ஊர்?

அமெரிக்காவில் போர்ட்லாந்து. ஆற்றங்கரையோரம் ஓடிய ஹார்பர் டிரைவ் சாலையை 1974-ல் மூடி அங்கே பூங்கா அமைத்தார்கள். அதற்குச் சற்று முன், 1973 டிசம்பரில், நியூயார்க்கின் வெஸ்ட் சைடு உயர்மட்டச் சாலையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அப்போது அதன் மேல் போன லாரி, அதே சாலையைப் பழுதுபார்க்கத் தார்க்கலவை ஏற்றி வந்த லாரி. பராமரிப்பு எவ்வளவு பின்தங்கிப் போயிருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அந்த இடத்தில் தரைச்சாலை முழுதாக முடிய 2001 ஆகிவிட்டது.

சான்பிரான்சிஸ்கோவை ஏன் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

அங்கே இது இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் மக்கள் கடுமையாகச் சண்டை போட்டுத்தான் முடிவுக்கு வந்தார்கள்.

முதலாவது எம்பார்கடேரோ விரைவுச்சாலை. 1959-ல் திறந்த இரண்டடுக்குப் பாலம். வளைகுடாவுக்கும் நகரத்துக்கும் நடுவே கான்கிரீட் சுவர் மாதிரி நின்று, ஃபெரி பில்டிங் என்ற பழைய படகுத்துறைக் கட்டடத்தை மறைத்தது. அதைப் பார்த்துக் கொதித்த மக்களின் எதிர்ப்பால், அதே 1959-ல் நகர நிர்வாக சபை திட்டத்திலிருந்த பத்து விரைவுச்சாலைகளில் ஏழு சாலைகளை ரத்து செய்தது. ஆனாலும் கட்டியதை இடிப்பது வேறு விஷயம். 1986-ல் இடிக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது மக்கள் வேண்டாம் என்றே சொன்னார்கள்.

1989 அக்டோபர் 17 மாலை, 6.9 அளவிலான லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஓக்லாந்தில், இதே மாதிரி இரண்டடுக்காகக் கட்டிய சைப்ரஸ் பாலம் சரிந்து 42 பேர் இறந்தார்கள். எம்பார்கடேரோ சேதத்தோடு நின்றது, மூடப்பட்டது. மூடியிருந்த மாதங்களில் நகரம் எப்படியோ ஓடியது என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். 1991-ல் இடிப்பு தொடங்கியது. இன்று அங்கே பனை மரங்கள், அகலமான நடைபாதை, பழைய டிராம் வண்டிகள் ஓடும் தண்டவாளம். ஃபெரி பில்டிங் 2003-ல் சந்தைக் கட்டடமாக மீண்டும் திறந்தது.

இரண்டாவது சென்ட்ரல் விரைவுச்சாலை. இது நகரத்துக்கு உள்ளே, ஹேஸ் வேலி என்ற குடியிருப்பின் மேல் ஓடியது. நிலநடுக்கத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடித்தார்கள். மீதியை என்ன செய்வது என்பதற்கு மட்டும் அடுத்தடுத்து மூன்று ஆண்டு வாக்கெடுப்பு நடந்தது. 1997-ல் பாலத்தைத் திரும்பக் கட்டச் சொல்லி வென்றது ஒரு அணி. 1998-ல் அதை மாற்றி பவுல்வார்டு அணி வென்றது. 1999-ல் இரண்டு தீர்மானங்களும் ஒரே வாக்குச்சீட்டில் நின்றன. பவுல்வார்டு மறுபடி வென்றது. ஆக்டேவியா பவுல்வார்டு 2005 செப்டம்பரில் திறந்தது. சாலையின் முடிவில் உள்ள சிறு பூங்காவுக்கு, இதற்காக வருடக்கணக்கில் வீடு வீடாகப் போராடிய அக்கம்பக்கத்துப் பெண்களில் ஒருவரான பாட்ரிஷியா வாக்கப்பின் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் சரியாகப் படுகிறது.

அந்த வண்டிகளெல்லாம் எங்கே போகும்? பக்கத்துத் தெருக்கள் ஸ்தம்பித்துவிடாதா?

நியாயமான பயம். இதைக் கேட்பவர்களைக் கார்ப் பைத்தியம் என்று ஒதுக்குவது தவறு. தினமும் அந்தச் சாலையில் வேலைக்குப் போகிறவருக்கு இதுதான் முதல் கவலையாக இருக்கும்.

போக்குவரத்து குழாயில் ஓடும் தண்ணீர் போல இல்லை. ஒரு பக்கம் அடைத்தால் அதே அளவு வேறு பக்கம் பீறிட்டு வரும் என்று கட்டாயமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வண்டியிலும் முடிவெடுக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் வேறு வழியில் போகலாம், அரை மணி முன்னால் கிளம்பலாம், ரயில் பிடிக்கலாம், இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடிக்கலாம், தூரத்துக் கடைக்குப் பதில் பக்கத்துக் கடைக்குப் போகலாம். சிலர் சில மாதங்களில் வீட்டையோ வேலையையோ மாற்றும்போது இதையும் கணக்கில் எடுப்பார்கள். சாலையை அகலப்படுத்தினால் புது வண்டிகள் வந்து நிரப்பும் என்பது பலருக்குத் தெரியும். அதன் மறுபக்கம்தான் இது.

பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், பில் குட்வின் மூவரும் 11 நாடுகளில், சாலையிடத்தைக் குறைத்த எழுபதுக்கும் மேற்பட்ட சம்பவங்களைத் தொகுத்து 2002-ல் வெளியிட்டார்கள். சுற்றுத் தெருக்களையும் சேர்த்து எண்ணியபோது, பாதி இடங்களில் 11 சதவீதத்துக்கும் மேல் வண்டிகள் குறைந்திருந்தன. எல்லா இடத்திலும் குறையவில்லை. சில இடங்களில் மாற்றமே இல்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லப்பட்ட பெரும் நெரிசல் அநேகமாக எங்கும் வரவில்லை.

சியாட்டில் இதற்கு நல்ல சோதனைக்களம். தினமும் சுமார் 90,000 வண்டிகள் ஓடிய அலாஸ்கன் வே மேம்பாலத்தை 2019 ஜனவரி 11 அன்று மூடினார்கள். மாற்றாகக் கட்டிய சுரங்கம் பிப்ரவரி 4 அன்றுதான் திறந்தது. நடுவில் மூன்று வாரத்துக்கு மேல் இரண்டுமே இல்லை. செய்திகள் பேரழிவை எதிர்பார்த்தன. மக்கள் சீக்கிரம் கிளம்பினார்கள், படகில் போனார்கள், சைக்கிள் எடுத்தார்கள், வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். பயணம் மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் நகரம் நிற்கவில்லை.

அப்படியென்றால் பவுல்வார்டில் நெரிசலே இருக்காதா?

இருக்கும். ஆக்டேவியாவில் மாலை நேரத்தில் நின்று பார்த்தால் வண்டிகள் வரிசைகட்டி நிற்பது தெரியும். பழைய பாலத்தில் 1990-களின் நடுவில் தினமும் சுமார் 93,000 வண்டிகள் போயின. பவுல்வார்டில் அதில் பாதிதான், சுமார் 45,000. அதுவே ஒரு தரைச்சாலைக்கு மிக அதிகம். இடித்தால் நெரிசல் தீரும் என்று வாக்குறுதி தருகிறவர்கள் திட்டத்துக்குக் கெடுதல்தான் செய்கிறார்கள். இடிப்பதன் நோக்கம் அது இல்லை. கார் ஓட்டுபவருக்குச் சில நிமிடம் கூடுகிறது. அந்த இடத்தில் வாழ்பவர்களுக்கு வெளிச்சம், காற்று, தெருவைக் கடக்கும் வசதி, வீடு கட்ட நிலம் எல்லாம் திரும்பக் கிடைக்கின்றன. இந்தப் பேரத்தை மறைக்காமல் சொல்வதே நல்லது.

ஒரு பவுல்வார்டுக்குள் உண்மையில் என்னென்ன இருக்கும்?

ஆக்டேவியாவையே எடுத்துக்கொள்வோம். ஆலன் ஜேக்கப்ஸ், எலிசபெத் மெக்டொனால்ட் என்ற இரண்டு நகர வடிவமைப்பாளர்கள், பழைய பாரிஸ், பார்சிலோனா சாலைகளை ஆராய்ந்து இதன் வடிவத்தைத் தந்தார்கள். நீளம் நான்கு பிளாக் மட்டுமே.

நடுவில் நான்கு லேன், போக இரண்டு, வர இரண்டு. ஊரைக் கடந்து போகிறவர்களுக்கானவை. அதன் இரண்டு பக்கமும் மரம் வைத்த மீடியன். மீடியனுக்கு வெளியே, வீடுகளை ஒட்டி ஒவ்வொரு பக்கமும் ஒரு ஒற்றை லேன் சர்வீஸ் ரோடு. அதில் வண்டி நிறுத்தலாம், மெதுவாகப் போகலாம். அப்புறம் நடைபாதை. வேகமும் மெதுவும் ஒரே சாலையில் இருக்கின்றன, ஆனால் ஒன்றை ஒன்று இடிக்காமல். வீட்டு வாசலில் நிற்பவருக்கு முன்னால் இருப்பது நான்கு லேன் வெள்ளம் இல்லை. ஒரு சின்னத் தெருவும் அதற்கு அப்பால் ஒரு மரவரிசையும்.

இதன் பலவீனம் சந்திப்புகளில் இருக்கிறது. நடுச்சாலை, சர்வீஸ் ரோடு, குறுக்குத் தெரு எல்லாம் சேரும் இடத்தில் யார் முதலில் போவது என்ற குழப்பம் வரும். போக்குவரத்துப் பொறியாளர்கள் பல காலமாக இந்த வகைச் சாலையை ஒதுக்கியதற்கு இது ஒரு காரணம். ஆக்டேவியாவில் மோசமான இடம், மிச்சமுள்ள விரைவுச்சாலை தரையிறங்கும் மார்க்கெட் தெருச் சந்திப்பு. மார்க்கெட் தெருவிலிருந்து வலப்பக்கம் திரும்பி விரைவுச்சாலையில் ஏறக் கூடாது என்று தடை இருக்கிறது, ஏனென்றால் அந்த ஓரத்தில்தான் சைக்கிள்கள் நேராகப் போகின்றன. தடையை மீறித் திரும்பிய கார்கள் சைக்கிளில் வந்தவர்கள் மேல் மோதியது பலமுறை நடந்தது. விரைவுச்சாலை எங்கே தரையைத் தொடுகிறதோ, அந்தப் புள்ளியின் வடிவமைப்பைத்தான் மற்ற எல்லாவற்றையும் விட உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

எத்தனை லேன் இருக்கலாம்?

குறைவாக இருக்க இருக்க நல்லது. சியாட்டிலில் மேம்பாலத்தை எடுத்த பிறகு கடற்கரையோரம் போட்ட தரைச்சாலை, படகுத்துறை அருகே எட்டு லேன் வரை விரிகிறது. திரும்பும் லேன், பேருந்து லேன், படகுக்குக் காத்திருக்கும் வண்டிகளுக்கான லேன் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்தபோது ஒரு முதியவர் ஒரே சிக்னலில் கடக்கச் சிரமப்படும் அகலம் வந்துவிட்டது. நியூயார்க்கின் வெஸ்ட் சைடிலும் ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போக அகலமான சாலையைக் கடந்தாக வேண்டும். இடித்த பாலத்தில் ஓடிய வண்டி எண்ணிக்கையை அப்படியே தரையில் கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டால் கிடைப்பது, மரம் நட்ட விரைவுச்சாலை. என் பார்வையில் இந்தத் திட்டங்களில் மிக எளிதாக நிகழும் தவறு இதுதான்.

மண்ணுக்கு அடியில் சுரங்கம் போட்டால் இரண்டு பக்கமும் திருப்தியாகாதா?

பணம் இருந்தால். பாஸ்டன் தன் நடு ஊர் மேம்பாலத்தைச் சுரங்கமாக மாற்றியது; பாலம், விமான நிலையச் சுரங்கம் எல்லாம் சேர்ந்த மொத்தத் திட்டத்துக்கு 1,400 கோடி டாலருக்கு மேல் ஆனது. மேலே கிடைத்த பசுமைப் பூங்கா அழகானதுதான். சியாட்டிலில் துளையிடும் இயந்திரம் 2013 டிசம்பரில் நடுவழியில் நின்று, இரண்டு ஆண்டு வேலை முடங்கியது. அப்படிச் செலவழித்தும் காரில் வருகிறவர்களின் எண்ணிக்கை குறைவதில்லை. பெரும்பாலான ஊர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

காலியாகும் நிலம் யாருக்குப் போகும்?

மேம்பாலமும் அதன் ஏறுபாதை, இறங்குபாதைகளும் எடுத்துக்கொள்ளும் இடம் மிகப் பெரியது. தரைச்சாலைக்கு அதில் ஒரு பகுதி போதும். மீதி, ஊரின் நடுவில் கிடக்கும் வெற்று மனை. அதன் மதிப்பு இடிப்பு அறிவிப்பு வந்த அன்றே ஏறத் தொடங்கும். சத்தமும் புகையும் இருந்ததால் குறைந்த வாடகைக்கு அங்கே வாழ்ந்தவர்கள், அவை போனதும் வாடகை கட்ட முடியாமல் வெளியேற நேர்ந்தால், முதலில் பாலம் கட்டியபோது நடந்த அநியாயம் இரண்டாம் முறை நடக்கிறது. எனக்கு இது வெறும் நிர்வாகச் சிக்கலாகப் படவில்லை. பல ஆண்டு தூசியைச் சுவாசித்தவர்களுக்கே சுத்தமான காற்று வரும்போது இடமில்லை என்றால், திட்டம் யாருக்காக?

சான்பிரான்சிஸ்கோவில் மாநில அரசு ஆக்டேவியாவின் நிலத்தை நகரத்துக்குக் கொடுத்தது. நகரம் இருபதுக்கும் மேற்பட்ட மனைகளாகப் பிரித்து, சிலவற்றை விற்ற பணத்தில் சாலை போட்டது. வரும் வீடுகளில் ஏறத்தாழ பாதியைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்குவது திட்டத்திலேயே இருந்தது. இது பாராட்ட வேண்டிய ஏற்பாடு. இருந்தும் ஹேஸ் வேலியின் வாடகைகள் கடுமையாக ஏறின, பழைய கறுப்பினக் குடும்பங்கள் பல போய்விட்டன, விலை உயர்ந்த கடைகள் வந்தன. ஒதுக்கப்பட்ட மனைகளில் மட்டும் வீடு கட்டினால் போதாது, சுற்றியுள்ள பழைய வீடுகளின் வாடகைதாரர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

மில்வாக்கியில் வேறு விதமான சிக்கல். கிடைத்த 24 ஏக்கரில் கணிசமான பகுதி பல ஆண்டு வெறும் மண்ணாகக் கிடந்தது. 2008 பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. 2018-ல் திறந்த கூடைப்பந்து அரங்கம்தான் அங்கே பெரிய அளவில் கட்டுமானத்தைக் கொண்டுவந்தது. நிலம் கிடைத்தாலே ஊர் வளர்ந்துவிடாது.

சியோலில் சோங்கேசோன் ஓடைக்கு மேல் இருந்த விரைவுச்சாலையை 2003-ல் இடித்து 2005-ல் ஓடையைத் திறந்தார்கள். பேருந்து அமைப்பையும் அதே காலத்தில், 2004-ல், சீரமைத்து சாலை நடுவில் தனி பஸ் லேன் போட்டது மிக நல்ல முடிவு. ஆனால் பாலத்தடியில் பிழைத்த தெரு வியாபாரிகளை டோங்டேமுன் மைதானத்துக்கு அனுப்பினார்கள்; சில ஆண்டிலேயே அந்த மைதானத்தையும் இடித்து அவர்களை மறுபடி கிளப்பினார்கள். ஓடையின் புகைப்படங்களோடு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே நிலத்தின் உரிமை, வீட்டு ஒதுக்கீடு, வாடகைப் பாதுகாப்பு மூன்றும் இடிப்பு இயந்திரம் வருவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்றால், பேரம் பேசும் பலம் குடியிருப்பவர்கள் கையில் இருக்காது.

கடைகளுக்கு வியாபாரம் குறையுமா?

சில கடைகளுக்குக் குறையலாம். எம்பார்கடேரோவின் இறங்குபாதை சைனாடவுனுக்கு அருகில் வந்து சேர்ந்தது. வெளியூர் வாடிக்கையாளர்கள் அதில்தான் வந்தார்கள். அங்கிருந்த வணிகர்கள் இடிப்பைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆதரித்த மேயர் ஆர்ட் அக்னோஸ் 1991 தேர்தலில் தோற்றார். இந்தக் கோபமும் அதற்கு ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். வணிகர்களுக்கு ஈடாகப் பேசப்பட்ட சுரங்க ரயில் சைனாடவுனுக்கு வந்தது 2022-ல். முப்பது ஆண்டு என்பது ஒரு கடைக்காரரின் முழு வாழ்க்கை. மாற்றுப் போக்குவரத்தைப் பாலம் போன பிறகு கொண்டுவருவோம் என்பது போதாது; பாலம் போகும் நாளில் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ், லாரிகள்?

ஆம்புலன்சுக்குத் தனி பஸ் லேனும் சிக்னல் முன்னுரிமையும் உதவும். விரைவுச்சாலையில் விபத்து நடந்தால் இரண்டு இறங்குபாதைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ள வேண்டும். தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தெருக்கட்டத்தில் அடுத்த தெருவில் திரும்பலாம். துறைமுகம், தொழிற்சாலைகளுக்குப் போகும் கனரக லாரிகளுக்கு மட்டும் வேறு பாதை முன்பே தயாராக வேண்டும். இல்லையென்றால் அவை குடியிருப்புத் தெருக்களுக்குள் வரும்.

எந்த விரைவுச்சாலையையும் இப்படி எடுத்துவிடலாமா?

முடியாது. எளிதானவை, எங்கும் போய்ச் சேராமல் ஊருக்குள் வந்து முடியும் குட்டைக் கிளைகள். எம்பார்கடேரோ, சென்ட்ரல், பார்க் ஈஸ்ட் மூன்றுமே முழுத் திட்டம் கைவிடப்பட்டு அரைகுறையாக நின்றவை. அடுத்து, ஊரைச் சுற்றிப் போக வேறு வழி இருக்கும் இடங்கள். சைரக்யூஸ் நகரத்தில் பழைய 15-ஆம் வார்டு என்ற கறுப்பினக் குடியிருப்பை அழித்துக் கட்டிய ஐ-81 மேம்பாலத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2023-ல் வேலை தொடங்கியது. நீண்டதூர வண்டிகள் புறவழிச்சாலையில் போகும், ஊருக்குள் தெருக்கட்டம் திரும்ப வரும். ஓக்லாந்திலும் சரிந்த சைப்ரஸ் பாலத்தை அதே இடத்தில் கட்டக் கூடாது என்று மேற்கு ஓக்லாந்து மக்கள் பிடிவாதமாக நின்றார்கள். புதுச் சாலை ரயில் யார்டுகளை ஒட்டிச் சுற்றிப் போனது, 1997-ல் திறந்தது. பழைய பாதையில் இன்று மண்டேலா பார்க்வே என்ற மரச்சாலை இருக்கிறது.

மாற்றே இல்லாத, பல மாநிலங்களின் சரக்கு ஓடும் முதன்மைத் தடத்தில் இது மிகக் கடினம். அங்கே ஒரு பகுதியை மூடி மேலே பூங்கா அமைப்பது, இறங்குபாதைகளைக் குறைப்பது போன்ற சிறிய வேலைகளிலிருந்து தொடங்கலாம்.

எத்தனை ஆண்டு ஆகும்?

கட்டுமானம் மட்டும் என்றால் அதிகமில்லை. ராச்செஸ்டர் நகரம் பள்ளத்தில் ஓடிய தன் வளையச்சாலையின் கிழக்குப் பகுதியை 2014-ல் மண் கொட்டி நிரப்பத் தொடங்கி 2017-ல் முடித்தது. முடிவெடுக்கத்தான் நேரமாகும். ஆக்டேவியாவுக்கு நிலநடுக்கத்திலிருந்து பதினாறு ஆண்டு ஆனது, மண்டேலா பார்க்வேக்கும் அதே அளவு. நடுவில் ஆட்சி மாறும், பணம் நிற்கும், வாக்கெடுப்பு திசை மாறும். அந்தக் காலத்தில் பாலத்தை ஒரு சில வாரம் மூடிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால், பழுதுபார்ப்புக்காகவே இருந்தாலும், அதைத் தவறவிடக் கூடாது. சுற்றுத் தெருக்கள் அனைத்திலும் வண்டிகளை எண்ணிப் பதிவு செய்து வைக்க வேண்டும். மூடுவதற்கு முன்னால் எடுத்த எண்ணிக்கையும் கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.